வளையத்துக்குள் வண்டி நுழையும்போது

ஐயா,

என் மாதிரி ரயில் அமைப்பில் வண்டி திரும்பி வருவதற்காக ஒரு வளையம் சேர்த்தேன். மின்சாரம் கொடுத்ததுமே ஷார்ட் சர்க்யூட். வளையத்தின் நடுவே இரு தண்டவாளங்களையும் அறுத்து பிளாஸ்டிக் இணைப்பான் போட்டேன். இப்போது என்ஜின் அந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் கண்ட்ரோலர் நின்றுவிடுகிறது. டிசிசி (டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாடு) முறையில் இப்படி மின்காப்பிட்டுப் பிரித்த பகுதியே தேவையில்லை என்கிறார்களே?

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் சொல்வது பாதி உண்மை. பழைய டிசி (நேர்மின்னோட்ட) முறையில் ஓர் என்ஜினை நிறுத்திவைத்து இன்னொன்றை ஓட்ட, பாதையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. டிசிசியில் ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி முகவரி இருப்பதால் அந்தத் தேவை போய்விட்டது. வளையத்தின் சிக்கல் வேறு. சுற்றி வரும் இடது தண்டவாளம் பாயிண்ட்டுக்கு, அதாவது பாதை பிரியும் இடத்துக்கு, திரும்பும்போது வலதாகிவிடுகிறது. எதிரெதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. (வெளித் தண்டவாளங்கள் இரண்டும் ஒரே துருவமாக இருக்கும் மெர்க்லின் நிறுவனத்தின் மூன்று தண்டவாள முறைக்கு இந்தத் தொல்லையே கிடையாது.)

நீங்கள் ஓரிடத்தில் மட்டும் அறுத்திருக்கிறீர்கள். அங்கே உலோகச் சக்கரம் ஏறியதும் அதுவே இரு துருவங்களையும் இணைத்துவிடுகிறது. வளையத்தின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் அறுங்கள். நடுப்பகுதிக்கு ஆட்டோ ரிவர்சர் என்ற கருவி வழியாக மின்சாரம் கொடுங்கள். சக்கரம் இடைவெளியைத் தொட்ட கணமே அது துருவத்தை மாற்றிவிடும். டிசிசியில் என்ஜினின் திசை தண்டவாளத் துருவத்தைச் சார்ந்ததல்ல என்பதால் வண்டி தயங்காமல் போகும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது.

நீளத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உங்கள் மிக நீண்ட வண்டி முழுவதும் அந்தப் பகுதிக்குள் அடங்க வேண்டும். என்ஜின் வெளியேறும்போது கடைசிப் பெட்டியின் உலோகச் சக்கரம் நுழைவாயில் இடைவெளியில் நின்றால், ரிவர்சர் எந்தப் பக்கம் மாற்றினாலும் ஒரு முனையில் ஷார்ட்தான்.

இணைப்பான் போடாமல் வெறுமனே அறுத்து விடுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. வெப்பத்தில் தண்டவாளம் நீளும், ஈரப்பதம் குறைந்தால் அடிப்பலகை சுருங்கும். இடைவெளி சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். அப்படி அறுத்த இடத்தில் மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டைப் பசை தடவிச் செருகுங்கள். காய்ந்தபின் தண்டவாளத்தின் வடிவத்துக்கே அரத்தால் தேயுங்கள். உள்விளிம்பில் கூடுதல் கவனம் வேண்டும்; சக்கரத்தின் விளிம்பு உரசுவது அங்கேதான்.

ரிவர்சரை இணைக்கும் முன் வண்டிகளையெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வோர் இடைவெளியின் இருபுறமும் மின்தொடர்பு இருந்தால் ஒலி எழுப்பும் நிலையில் மல்டிமீட்டர் முனைகளை வைத்துப் பாருங்கள். ஒலி வந்தால், பெரும்பாலும் அறுக்கும்போது உதிர்ந்த உலோகத் துகள் உள்ளே சிக்கியிருக்கும்.