ஊர்க் கணக்கெடுக்க அரசு ஏன் காசு தர வேண்டும்?

அன்புள்ள ஐயா,

வரலாறு, சமூகவியல், பொருளியல் ஆய்வுகளுக்கு அரசு கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும் என்று பேராசிரியர்கள் கேட்பதை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நான் ஜவுளித் தொழிலில் இருப்பவன். கட்டுகிற வரியில் தடுப்பூசி வந்தால் புரிகிறது, ராக்கெட் போனால் புரிகிறது. எந்த ஊரில் எந்தச் சாதிக்கு எத்தனை ஏக்கர் என்று எண்ணுவதற்கு அரசுப் பணம் எதற்கு? ஆர்வமுள்ளவர்கள் சொந்தக் காசில் செய்யட்டுமே. அப்புறம், அரசிடம் வாங்கித் தின்றுவிட்டு அரசை எப்படி விமர்சிப்பார்கள்? கடைசியில் எல்லாம் கருத்தரங்கிலும் சால்வையிலும்தான் போய் முடிகிறது.

க.ர., ஈரோடு

அன்புள்ள க.ர.,

அந்த ஏக்கர் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக இருந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916-ல் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, இப்படி. அவர்கள் எழுதிக்கொண்டுவந்தது 1918-ல் புத்தகமானது. அதில் இன்றைய தமிழ்நாட்டு ஊர்கள் ஐந்து: இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம்.

அந்த ஊர்களுக்கு 1936-37-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடி போனார்கள். 1961 வாக்கில் ஒருமுறை. எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். விழுப்புரம் பக்கமுள்ள இருவேல்பட்டுக்கு 2008-லும் போயிருக்கிறார்கள். முதல் ஆய்வில் அங்கே படியாட்கள் இருந்தார்கள். கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் கடன் வாங்கி, அதை அடைக்க முடியாமல் அவர் நிலத்திலேயே உழைத்துக் கிடந்தவர்கள். அந்த முறை எப்போது தளர்ந்தது, ஊரில் ஒரே குடும்பத்தின் பிடி எப்படி விட்டது, வெளியூர் வேலை எவ்வளவு தூரம் கைகொடுத்தது, இதையெல்லாம் அதே ஊரை வைத்து 90 ஆண்டுக்கு மேல் வரிசையாகப் பார்க்க முடிகிறது. 'அந்தக் காலத்தில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்' என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால், பதிலுக்கு எடுத்துக்காட்ட நம்மிடம் ஒரு தாள் இருக்கிறது.

உங்கள் தொழிலில் இருந்து யோசித்துப் பாருங்கள். இன்று பணம் போட்டு, முழுப் பலன் பேரன் காலத்தில்தான் தெரியும், அதுவும் ஊருக்குப் பொதுவாக என்றால் யார் போடுவார்கள்? கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி ஆண்டுக் கடைசியில் ஒரு போட்டோ கேட்கும். தனிமனிதர் முயற்சிக்கும் நல்ல உதாரணம் உண்டு. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேஷையாவும் அவர் மனைவி எலிசபெத்தும் 1971-ல் தொடங்கியதுதான் நான் மேலே சொன்ன சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். அதுவே 1977-ல் மத்திய அரசின் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் தேசிய நிறுவனமாக மாறியது. அவர்களுடைய இருவேல்பட்டு மறுஆய்வு அதற்குப் பிறகு வந்ததுதான்.

வாங்கித் தின்றவன் எப்படிப் பேசுவான் என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் மதிக்கும் கேள்வி இது. இதே சண்டை பிரிட்டனில் நடந்தது. மார்கரெட் தாட்சரின் அமைச்சர் கீத் ஜோசப்புக்குச் சமூக ஆய்வு என்றாலே சந்தேகம். 1981 கடைசியில், அந்த ஆய்வுகளுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுத்த சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் தேவைதானா என்று பார்க்கச் சொல்லி ராத்சைல்ட் பிரபுவிடம் ஒப்படைத்தார். ராத்சைல்ட் விலங்கியல்காரர். அரசின் பயன்பாட்டு ஆய்வு எந்த இலாகாவுக்குத் தேவையோ அந்த இலாகாவே காசு தரட்டும் என்று பத்தாண்டுக்கு முன் சொன்னவரும் அவர்தான். கவுன்சில் காலி என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். 1982-ல் வந்த அறிக்கையில் அவர் கலைக்கக் கூடாது என்றார். சமூக ஆய்வு அரசியல் விவாதத்துக்குள்ளேயே நிற்கிற விஷயம், அதனால் இலாகாக்களின் பிடிக்கு வெளியே அதற்குத் தனியாகப் பணம் வேண்டும் என்பது அவர் வாதம். தன் திட்டம் சரியில்லை என்று காட்டும் ஆய்வுக்கு எந்த இலாகா காசு கொடுக்கும், சொல்லுங்கள்? கவுன்சில் பிழைத்தது. பெயரிலிருந்த 'அறிவியல்' மட்டும் போனது. அமைச்சருக்கு அந்த ஆறுதலாவது வேண்டாமா!

ஆகவே பணத்தைக் கேட்கும்போதே, யார் கையால் வரவேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆய்வை எடுத்துப் படித்துத் தேர்வு செய்பவர்கள் அந்தத் துறைக்காரர்களாக இருக்க வேண்டும். தலைப்பைப் பார்த்தே அமைச்சர் தள்ளிவிடக் கூடாது. நம் பேராசிரியர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை என்பது என் குறை. 'எங்கள் ஆய்வு நாட்டு வளர்ச்சிக்கு உதவும்' என்ற பல்லவியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிப் பாடினால், உதவுமா உதவாதா என்று முடிவு செய்யும் உரிமையையும் இலாகாவுக்கே தாரை வார்த்ததாகிவிடும்.

நம் நாட்டில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள், அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டுமாம். சட்டத்தைப் படித்தால், சமூக அறிவியலும் கலைப் புலங்களும் அறிவியல் தொழில்நுட்பத்தோடு உரசுகிற இடத்தில் மட்டுமே உள்ளே வருகின்றன. இருவேல்பட்டில் ட்ரோன் பறக்கவிட்டால் கிடைக்கலாம். படியாள் கடனைப் பற்றிக் கேட்கப் போகிறேன் என்றால்? இதை எதிர்த்துக் கேட்பதைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கருத்தரங்கு, சால்வை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். இரண்டு நாள், ஒரு பை, ஒரு பேனா, யாரும் படிக்காத கட்டுரைத் தொகுப்பு. அந்தப் பணத்தை அப்படியே எடுத்து, ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கும் பஸ் செலவுக்கும் திருப்பச் சொல்லி நீங்கள் மனு எழுதினால், எனக்கும் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.