தலைவர்கள் சாகும்போது சொன்னதாகச் சொல்லும் கடைசி வார்த்தைகள் எல்லாம் உண்மைதானா?

பேச்சுப் போட்டிக்காகத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதிக்கு மேல் நம்பாதீர்கள். "நீயுமா புரூட்டஸ்?" ஷேக்ஸ்பியர் நாடகத்தால் பரவிய வசனம். குத்துப்பட்ட சீசர் ஒரு முனகலைத் தவிர ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றுதான் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். "நீயுமா பிள்ளாய்?" என்று கிரேக்கத்தில் கேட்டதாகச் சிலர் சொல்வதையும் அவரே குறித்து வைக்கிறார்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அப்பாவைக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். குழாய் இருக்கும்போது யாராலும் பேச முடியாது. அப்பா என் உள்ளங்கையை அழுத்தினார், அவ்வளவுதான். குழாயை எடுக்காமலேயே போய்விட்டார். ஆனால் காரியத்தன்று பந்தலில் ஒரு நெருங்கிய உறவுக்காரர் எழுந்து, "பின்பக்க மனையைத் தம்பிக்கே விட்டுடுங்கன்னு கடைசியா எங்கிட்ட சொன்னாரு" என்றார். சுற்றி இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செத்தவர் வாக்கை மறுத்தால் பாவம் என்று என்னையே அடக்கினார்கள். சொத்துக்காகப் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அப்பா சொல்லாததை அவர் வாயில் வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஐசியூவில் சாகக்கிடப்பவரைப் பார்க்க, சாயங்காலம் ஒரே ஒரு ஆளை, அதுவும் சில நிமிடம் மட்டும் விடுவது என்ன நியாயம்? தொற்று வரும் என்பது தெரியும். அதற்காக அம்மாவை வராந்தாவிலேயே உட்கார வைத்துவிடுவதா?

சரி, போட்டிக்கு வருவோம். எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை 1758-ல் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலியைச் சொல்லுங்கள். 1761-ல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்ததற்காக அவரைத் துரோகி என்றார்கள். 1766 மே 9 அன்று பாரிஸில் தலையை வெட்டினார்கள். எதுவும் பேசிவிடக் கூடாது என்று வாயைக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். தஞ்சைப் படையெடுப்பில் அவர் செய்த கொடுமைகளை நான் மறைக்கவில்லை. ஆனால் துரோகப் பழி பொய் என்று அவருடைய மகனும் எழுத்தாளர் வால்டேரும் பல வருடம் போராடினார்கள். தீர்ப்பு ரத்தான செய்தி வந்தபோது வால்டேர் மரணப் படுக்கையில் இருந்தார். இந்தச் செய்தியால் சாகக்கிடப்பவன் உயிர்த்தெழுகிறான், இனி நிம்மதியாகச் சாவான் என்று 1778 மே 26 அன்று லாலியின் மகனுக்குக் கடிதம் எழுதினார். மே 30-ல் இறந்தார். சாத்தானை வெறுத்து ஒதுக்கிவிடு என்ற பாதிரியாரிடம் "புது எதிரி சம்பாதிக்க இது நேரமில்லை" என்று அவர் சொன்னதாக ஒரு கதை உலவுகிறதே, அது வெகுகாலம் கழித்து ஒட்டவைத்தது. அதை விட்டுவிட்டு இந்தக் கடிதத்தைச் சொல்லுங்கள்.