பழைய குதிரைப்படை வாள்களைச் சேகரிக்க ஆசை. அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விற்பவர் சொல்லும் கதையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வாளை மட்டும் பாருங்கள். நெப்போலியன் காலத்து வாள் எது கிடைத்தாலும் அது 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் சுழன்ற வாள் என்றுதான் விற்பார்கள். அத்தனை வாளும் அங்கே இருந்திருந்தால் குதிரைகளுக்கு நிற்க இடம் இருந்திருக்காது.

நான் முதலில் பார்ப்பது வாளின் முதுகை, அதாவது கூர் இல்லாத பக்கத்தை. உதாரணத்துக்கு, பிரிட்டன் 1796இல் தன் இலகு குதிரைப்படைக்கு (வேகமாகச் செல்லும் குதிரை வீரர்களுக்கு) வகுத்த மாதிரி வாள். லே மார்ஷாண்ட் என்ற அதிகாரியும் பர்மிங்காம் வாள் தயாரிப்பாளர் ஹென்றி ஆஸ்பர்னும் சேர்ந்து உருவாக்கியது. வெட்டுவதற்கென்றே நன்றாக வளைந்திருக்கும், நுனிப்பக்கம் அகலமாக இருக்கும். மேலிருந்து முதுகை நோக்கினால் பிடியருகே தடித்து, போகப் போக மெலிந்து, நுனியில் தகடு போல் ஆகிவிடும். அகலமான நுனி இருந்தும் வாள் கையில் லேசாகச் சுழல்வது அதனால்தான். அலங்காரத்துக்குச் செய்யும் நகல்களில் பெரும்பாலும் முதுகு முழுக்க ஒரே தடிமன்தான். தூக்கினாலே நுனி கீழே இழுக்கும். படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறீர்களா? முதுகுப் பக்கத்துப் படத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது பிடியின் தலை. அலகின் வால், அதாவது வெட்டும் பகுதிக்குப் பின்னால் நீளும் மெல்லிய இரும்பு, பிடிக்குள் புகுந்து மேலே எட்டிப் பார்க்கும். அந்த முனையைச் சுத்தியால் அடித்து மடக்கியிருப்பார்கள். சுற்றிலும் கறுத்திருக்க, அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தால் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். ஒரு வாளின் அலகும் இன்னொன்றின் பிடியும் சேர்ந்த கலவையாகவும் இருக்கலாம்.

முத்திரைகளைப் படிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. பிரெஞ்சு வாள்கள் இதில் தாராளம். ஆலையின் பெயர், மாதம், வருடம் எல்லாவற்றையும் முதுகில் சாய்வெழுத்தில் பொறித்திருப்பார்கள். பழையவற்றில் கிளிங்கென்தால் ஆலை, பிறகு ஷாத்தெல்ரோ ஆலை. ஆலைப் பெயரோடு வரும் அடைமொழி ஆட்சிக்கு ஆட்சி மாறும்: நெப்போலியன் பேரரசராக இருந்தபோது ‘இம்பேரியால்’ (பேரரசுக்குரியது), 1820களில் மன்னராட்சியில் ‘ருவாயால்’ (மன்னருக்குரியது). 1811இல் நெப்போலியன்தான் பேரரசர்; அந்த வருடத்தோடு ‘ருவாயால்’ இருந்தால் பேசாமல் நடையைக் கட்டலாம். பிரிட்டிஷ் படை வாள்கள் பலவற்றில் அரசுச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறி இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால் பயப்பட வேண்டாம்; படை தன் கணக்கிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று அர்த்தம்.

தொடங்குபவர்கள் ஒரே நாட்டை, ஒரு காலத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. அதிகாரிகளின் வாளில் வேலைப்பாடு அதிகம், விலையும் அதிகம். சாதாரண வீரனின் வாள் முரடாக இருந்தாலும் படைப்பிரிவு எண், பரிசோதனை முத்திரை என்று விவரம் நிறைய கிடைக்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

வாங்கிய பிறகு தயவுசெய்து பளபளக்கத் தேய்க்காதீர்கள். உப்புத்தாளால் தேய்த்தால் முத்திரையும் செதுக்கலும் மழுங்கும், மதிப்பும் போகும். கருமை அப்படியே இருக்கட்டும். உதிரும் செந்துருவை மட்டும் எண்ணெயும் மிக நுண்ணிய இரும்புப் பஞ்சும் கொண்டு மெதுவாக எடுத்து, மேலே மெல்லிய மெழுகு பூசினால் போதும். தோல் உறை இருந்தால் அலகை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பை அரிக்கும்.

அப்புறம், உங்கள் நாட்டு ஆயுதச் சட்டத்தைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பழம்பொருள் என்றால் சில நாடுகளில் விலக்கு உண்டு; ஆனால் அது பழையது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். ரசீதில் வாளின் மாதிரியையும் காலத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.