பனங்கட்டிக்கு ஒரு பேனர்

கேள்வி: பரந்தனில் நானும் அக்காவும் பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் மா விற்கிறோம். இணையத்தில் பேனர் விளம்பரம் போட ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள், தங்கச்சி. கிளிநொச்சிச் சந்தைக்கு வருகிறவருக்கு ஒரு பேனர், ரொறன்ரோவில் இருந்து ஊர்ப் பனங்கட்டிக்கு ஏங்குகிறவருக்கு வேறொன்று. இரண்டையும் கலந்தால் காசுதான் கரையும். கூகுள் விளம்பரத்தில் ஊரைத் தெரிவுசெய்யலாம், நாளுக்குச் சராசரியாக இவ்வளவு என்று செலவையும் கட்டிவைக்கலாம். கைப்பேசியில் 320க்கு 50 பிக்சல் (திரையின் புள்ளிக் கணக்கு) என்பது விரலளவுப் பட்டை, அதில் ஓலைக்குட்டான் ஒன்றின் படமும் விலையும் போதும், கடையின் கதையெல்லாம் வேண்டாம். அப்புறம், அழுத்தினால் அந்தப் பனங்கட்டிப் பக்கமே திறக்கவேண்டும். இரண்டு வாரம் ஓடவிட்டு, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதோடு நிற்காமல் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதையும் கொப்பியில் எழுதிவையுங்கள்.