அமெரிக்க அரசியலில் பிஎச்.டி. ஆய்வு: இந்தியாவில் இருந்துகொண்டே செய்ய முடியுமா?

கேள்வி: "எம்.ஏ. அரசியல் அறிவியல் முடிக்கப் போகிறேன். அமெரிக்க அரசியல், கொள்கை, பண்பாடு பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. இந்தியாவில் இருந்துகொண்டே உருப்படியாகச் செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?"

தாராளமாக முடியும். நான் செய்துகொண்டிருப்பதும் அதுதான். அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டம் என் ஆய்வுப் பொருள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "அமெரிக்க ஜனநாயகத்தின் எதிர்காலம்", "இந்திய அமெரிக்க உறவுகள்" மாதிரி தலைப்போடு கைடிடம் போகாதீர்கள். அவற்றில் செய்தித்தாளைத் தாண்டிப் புதிதாக எதையும் சொல்வது மிகவும் கடினம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார் கொண்டுவந்தார்கள், நாடாளுமன்றத்தின் எந்தக் கமிட்டி அதைக் கையில் வைத்திருந்தது, யாருக்கு என்ன கிடைத்தது என்று அதன் பின்னாலேயே போங்கள். அரசியலும் கொள்கையும் பண்பாடும் அதிலேயே வந்து சேர்ந்துவிடும்.

என் ஆய்வையே உதாரணமாகச் சொல்கிறேன். பி.எல். 480 (பப்ளிக் லா, அதாவது பொதுச் சட்டம் 480) என்ற பெயரை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1954 ஜூலையில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம். நாம் அதைப் பஞ்சம், கப்பலில் வந்த கோதுமை, கோதுமையைத் தவணை தவணையாக மட்டும் விட்டு அதிபர் ஜான்சன் கொடுத்த நெருக்கடி என்றுதான் படித்திருக்கிறோம். அமெரிக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது முதலில் ஒரு விவசாயச் சட்டம். அரசு விலை ஆதரவு கொடுத்ததால் கோதுமையும் பருத்தியும் கிடங்குகளில் குவிந்துவிட்டன. கொரியப் போர் முடிந்ததும் ஏற்றுமதியும் சரிந்தது. டாலர் கையிருப்பு இல்லாத நாடுகளுக்கு அந்த உபரியை அவரவர் நாணயத்துக்கே விற்றுவிடலாம் என்பது ஏற்பாடு. அப்படி விற்ற பொருள்களில் புகையிலையும் உண்டு. உணவு உதவி என்று நாம் சொல்லும் சட்டத்துக்குள் புகையிலை எப்படி வந்தது? இப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் ஆய்வு நகர ஆரம்பித்துவிடும்.

விடை கமிட்டியில் இருக்கிறது. இந்தச் சட்டம் விவசாயக் கமிட்டிகளின் பிடியில் இருந்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் ஒன்றான பிரதிநிதிகள் சபையில் அந்தக் கமிட்டிக்கு 1955 முதல் 1966 வரை தலைவராக இருந்தவர் ஹெரால்டு கூலி. அவருடைய வட கரோலினா, புகையிலை விளையும் மாநிலம். மற்ற அவையான செனட்டில் தலைவர் ஆலன் எல்லெண்டர். அவருடைய லூசியானாவில் நெல் விளையும். இருவரும் தெற்கத்திய ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அந்தக் காலத்தில் கமிட்டித் தலைமை, எத்தனை ஆண்டு தொடர்ந்து உறுப்பினராக இருக்கிறார் என்ற மூப்பின்படிதான் கிடைக்கும். தெற்கு மாநிலங்களில் ஒரே கட்சியின் ஆட்சி. கறுப்பின மக்களில் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலேயே சேரவிடவில்லை. அதனால் அங்கே ஒருமுறை ஜெயித்தவர் திரும்பத் திரும்ப ஜெயித்தார், மூப்பும் ஏறிக்கொண்டே போனது. லூசியானாவில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வாக்கு மறுக்கப்பட்டதற்கும், மதராஸ் துறைமுகத்தில் என்ன தானியம் இறங்கும் என்பதை முடிவு செய்யும் நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது. இது புரிந்த பிறகு உள்நாட்டு அரசியல் வேறு, வெளியுறவுக் கொள்கை வேறு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அந்தக் கோட்டை எப்படி உடைந்தது என்பதும் இதே கதைக்குள் வருகிறது. 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1966 தேர்தலில் ஹெரால்டு கூலி ஒரு குடியரசுக் கட்சிக்காரரிடம் தோற்றார். 1975இல், அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு ஜெயித்து வந்த புது உறுப்பினர்களின் பலத்தில், கூலிக்கு அடுத்துத் தலைவரான டெக்சஸ்காரர் டபிள்யூ.ஆர். போக் பதவியில் இருந்து இறக்கப்பட்டார்.

பண்பாடு எங்கே என்று கேட்கலாம். சாக்கு மூட்டையில் இருக்கிறது. நன்கொடையாக வந்த தானிய மூட்டைகளில் கை குலுக்கும் படமும், இது அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல என்ற வாசகமும் இருக்கும். 1961 முதல் நம் பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்குக் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாகப் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் வந்தது இந்தச் சட்டத்தின் நன்கொடைப் பிரிவில்தான். அங்கே தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் தங்கள் நாட்டைப் பற்றி வைத்திருந்த சித்திரம் அந்தப் படத்தில் தெரிகிறது. அதே சமயம், அரசு அனுப்பும் சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும் என்று 1954 ஆகஸ்டில் தனியாக ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். கப்பல் முதலாளிகளுக்கும் மாலுமிகள் சங்கத்துக்கும் பிழைப்பு அதில் இருந்தது. தாராள குணமும் லாபக் கணக்கும் ஒரே மூட்டையில் வந்தன. இரண்டையும் சேர்த்து எழுதுபவரே நல்ல ஆய்வாளர் என்பது என் கருத்து.

இன்னொரு கிளைக்கதை. கோதுமை விற்று இங்கே சேர்ந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தியப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் போயின. சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் அந்தக் காலத் தமிழ் நூல்கள் அத்தனை இருப்பதற்கு இந்தக் கோதுமைப் பணம் ஒரு முக்கியக் காரணம்.

சரி, ஆவணங்களுக்கு எங்கே போவது? பெரும்பகுதிக்கு எங்கும் போக வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறை 1861 முதல் வெளியிட்டுவரும் ஆவணத் தொகுதிகள் இணையத்தில் இலவசம். 1964-68 தெற்காசியத் தொகுதியைத் திறந்தால், ஒவ்வொரு தவணைக் கோதுமைக்கும் ஜான்சனுக்குப் போன குறிப்புகளைப் படிக்கலாம். சில குறிப்புகளின் கீழே ஒப்புதல், மறுப்பு என்று இரண்டு கோடுகள் இருக்கும். அவர் எதில் டிக் போட்டார் என்பதை அடிக்குறிப்பு சொல்லும். ஜான்சனின் தொலைபேசிப் பதிவுகளையும் வீட்டில் இருந்தே கேட்கலாம்.

இவற்றைவிட நான் மதிப்பது கமிட்டி விசாரணைப் பதிவுகளை. ஹாத்தி டிரஸ்ட் என்ற இணைய நூலகத் தளத்தில் நிறையத் தொகுதிகள் முழுதாகக் கிடைக்கின்றன. விவசாயிகள் சங்கம், கப்பல் நிறுவனம், பாதிரியார் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுவார்கள். தலைவர் நடுவில் குறுக்கிடுவார். யாரைப் பேசவிடுகிறார், யாரை மடக்குகிறார், எந்தப் பயிரின் பேச்சு வந்தால் நிமிர்ந்து உட்காருகிறார் என்பதைப் பக்கம் பக்கமாகக் கவனியுங்கள். எந்தப் பாடநூலும் இதைச் சொல்லித்தராது.

நேரில் போயே ஆகவேண்டியவையும் உண்டு. ஆஸ்டின் நகரில் உள்ள ஜான்சன் நூலகத்தில் சாம்பல் நிறப் பெட்டிகளில் கோப்புகள் வரும். பென்சில் மட்டும்தான் அனுமதி, ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. இன்னும் ரகசியம் நீங்காத தாள்களை எடுத்துவிட்டு, யார் யாருக்கு எந்தத் தேதியில் எழுதியது என்ற பட்டியலை மட்டும் கோப்பின் முன்னால் வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளத் தவறாதீர்கள். அதை வைத்து ரகசிய நீக்கத்துக்கு விண்ணப்பம் போடலாம். செலவுக்கு, இந்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பதிவு செய்தவர்களுக்கென்றே ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு உதவித்தொகை இருக்கிறது.

புள்ளிவிவரம் பிடிக்கும் என்றால் வழி வேறு. 1789 முதல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் போட்ட வாக்குகளின் பதிவுகள் வோட்வியூ தளத்திலும், 1948 முதலான தேர்தல் கருத்தாய்வுகள் அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வுத் தளத்திலும் கிடைக்கின்றன. அங்கேயே போய்ப் படிக்க நினைத்தால் இந்தத் திறமை கட்டாயம் வேண்டும்.

கைடு கிடைப்பதுதான் இங்கே பெரிய பாடு. அமெரிக்க அரசியல் தெரிந்தவரே வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பொதுக் கொள்கையோ பொருளாதார வரலாறோ தெரிந்த, வரைவுகளைப் பொறுமையாகப் படித்துத் திருத்தும் ஒருவர் போதும்.

எந்தச் சட்டம் என்று யோசிக்கிறீர்களா? 1990 குடியேற்றச் சட்டத்தைப் பாருங்கள். எச்-1பி விசாவை இன்றைய வடிவில் உருவாக்கி ஆண்டுக்கு 65,000 என்று வரம்பு வைத்தது அதுதான். அந்த வரம்பு யாருடைய பேரத்தில் வந்தது என்பதற்கு விசாரணைப் பதிவுகளைப் படிக்கலாம். அந்த விசாவில் போய்த் திரும்பியவர்கள் சென்னையிலும் கோவையிலும் நிறைய இருக்கிறார்கள், நேரில் பேட்டி எடுக்கலாம். கைடு அமைவதற்கு முன்பே இந்த இரண்டு வேலையையும் ஆரம்பித்துவிடலாம்.