நார் மக்கும், டம்ளர் மக்குமா?

(பிளாஸ்டிக் மோல்டிங் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ‘தென்னை நார் கலந்தது, மண்ணில் மக்கும்’ என்று சொல்லி விற்ற டம்ளர்களை வாங்கினோம். கார்த்திகையில் ஒன்றை ரோஜாச் செடி அடியில் புதைத்தேன். ஆடி பிறந்துவிட்டது, தோண்டிக் கழுவினால் காபி ஊற்றிக் குடிக்கலாம் போலிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? — வாசகி, பல்லடம்

பதில்: நார் இருப்பது வேறு, மக்குவது வேறு அம்மா. அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கிற பிளாஸ்டிக் எது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பெட்ரோலியத்திலிருந்து வரும் சாதாரண பிளாஸ்டிக்கான பாலிபுரொப்பிலீன் என்றால் கதை முடிந்தது. பாதிக்குப் பாதி நார் போட்டிருந்தாலும் பிளாஸ்டிக் மக்காது. உடைந்து தூளாகி மண்ணிலேயே கிடக்கும்.

பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் ஆசிட்) என்கிற பிளாஸ்டிக் என்றால் உங்களை முழுக்க ஏமாற்றவில்லை. சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ புளிக்க வைத்து, அதில் வரும் லாக்டிக் அமிலத்திலிருந்து செய்வது அது. மக்கும், ஆனால் சூடு கேட்கும். இதற்கான ஆய்வுக்கூடச் சோதனையே 58 டிகிரியில்தான் நடக்கிறது. அந்தச் சூட்டில், அதிலிருக்கும் கார்பனில் 90 சதவீதம் 6 மாதத்துக்குள் கரியமில வாயுவாக மாறினால் பாஸ். பெரிய உரக்குவியலின் நடுவில் அந்தச் சூடு இருக்கும். ரோஜாச் செடி அடியில் சித்திரையில்கூட இருக்காது. ‘மண்ணில் மக்கும்’ என்று விற்றாரே, தப்பு அங்கேதான்.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். டம்ளரில் ஒரு துண்டு வெட்டி, தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டாமல் விரலால் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் அது பி.எல்.ஏ. இல்லை, பி.எல்.ஏ. தண்ணீரைவிடக் கனம். மூழ்கினால் மட்டும் உறுதி கிடையாது, நிறைய நார் சேர்த்தால் பாலிபுரொப்பிலீனும் மூழ்கும். அப்புறம் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சாதாரண பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கிலேயே தளர்ந்து கோணிக்கொள்ளும். சூடு தாங்குகிற ரகமும் உண்டு, ஆகவே கோணாததை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பவரிடம் அது இருந்தாக வேண்டும்.

கேள்வி: எங்களிடம் மட்டை நார் மலையாகக் குவிந்திருக்கிறது. அதை பி.எல்.ஏ.வில் கலந்து ஏதாவது தயாரிக்கலாமா? — வாசகர், பொள்ளாச்சி

பதில்: தயாரிக்கலாம். முதலில் நாரைக் காய வையுங்கள். வெயிலில் காய்ந்தது போதாது, ஓவன் அடுப்பில் காய வேண்டும். கைக்கு மொறமொறவென்று இருக்கிற நாரிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு மெஷினில் விட்டால் பொருளெல்லாம் பொத்தல் விழும், உருகிய பி.எல்.ஏ.வையும் ஈரம் அறுத்துவிடும், பொருள் அப்பளமாக நொறுங்கும். சூட்டை 200 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். நார் கருகும் வாடை வந்தால் ஏற்கெனவே ஏறிவிட்டது என்று அர்த்தம்.

நாரும் பி.எல்.ஏ.வும் லேசில் ஒட்டாது. மெல்லிய காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைத்து, நன்றாக அலசிக் காய வைத்தால், மேலிருக்கும் மெழுகுப் பசை போய் நார் சொரசொரப்பாகும், பிடிப்பு வரும். அலசிய தண்ணீரைத் தோப்பில் விட்டுவிடாதீர்கள்.

சணலின் பலத்தைத் தென்னை நாரிடம் எதிர்பார்க்காதீர்கள். இதில் லிக்னின் (மரத்தில் நார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பொருள்) 40 சதவீதத்தைத் தொடும், சணலில் பத்துச் சொச்சம்தான். அதனால் தென்னை நார் இழுத்தால் நீளும், சட்டென்று அறாது, ஆனால் பாரம் தாங்குவதில் சணலுக்குக் கீழேதான். நாற்காலி வேண்டாம், நாற்றுத் தொட்டி, ட்ரே என்று ஆரம்பியுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் பெரிய கம்பெனிகள் பயன்படுத்தியிருக்கின்றனவா? — கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: ஜப்பானில் டொயோட்டா 2003-இல் ராவ்ம் காரின் ஸ்டெப்னி மூடியை பி.எல்.ஏ.வும் கெனாஃப் நாரும் சேர்த்துச் செய்தது. கெனாஃப் வேறொன்றுமில்லை, நம் புளிச்சக்கீரை வகையறா. 2006-இல் என்.இ.சி. என்ற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அதே கலவையில் செல்போன் உறையே போட்டது. ஐரோப்பியக் கார்களின் கதவுக்கு உள்பக்கம் ஆளிச்செடி நார், சணப்பு மாதிரியான ஹெம்ப் நார் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனோடு சேர்த்தவை. எடை குறைய வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. கார்க்கதவு மக்க ஆரம்பித்தால் அதற்கும் எனக்குத்தான் கடிதம் போடுவீர்கள்.