கையெழுத்துக்கு அப்புறம் என்ன? பிபிபி சட்டச் சீர்திருத்தம்: கேள்வி பதில்

அரசும் தனியாரும் சேர்ந்து சாலை, பாலம், மருத்துவமனை கட்டும் பிபிபி திட்டங்களுக்கான சட்டத்தைத் திருத்துவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்த வரைவு என் தொழில். அதற்குள் வருவதை விரிவாகச் சொல்கிறேன்.

சட்ட மாணவி: கொண்டுவந்த சட்டத்தைச் சில வருடங்களிலேயே பல நாடுகள் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதுகின்றனவே, ஏன் சார்?

கென்யா 2013இல் ஒரு சட்டம் இயற்றியது, 2021இல் அதை நீக்கிவிட்டு வேறு கொண்டுவந்தது. பிலிப்பைன்ஸ் 1990இல் தொடங்கி, 1994இல் திருத்தி, 2023 டிசம்பரில் முழுத் தொகுப்புச் சட்டமாகவே மாற்றிவிட்டது. முதல் சட்டம் பெரும்பாலும் முதலீட்டை வரவழைக்கத்தான் எழுதப்படுகிறது. டெண்டர் எப்படி, ஒப்புதல் யாரிடம், வரிச்சலுகை எவ்வளவு என்று கையெழுத்து வரைக்கும் பக்கம் பக்கமாக இருக்கும். அதற்கப்புறம் வரும் இருபத்தைந்து, முப்பது வருடங்களுக்கு நாலு பிரிவு தேறினால் பெரிது. சிக்கல் எல்லாம் அங்கேதான் வருகிறது, அதனால் சட்டம் இறுக்க வேண்டியதும் அந்தக் காலத்தைத்தான்.

மாதிரி வேண்டுமென்றால் ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 2000இல் வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. 2019இல் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள், அந்தப் பதிப்பைப் படியுங்கள்.

வாசகர்: இது தனியார்மயம்தானே?

இல்லை. சொத்து பொதுவாக அரசுடையதாகவே இருக்கும், அல்லது காலம் முடிந்ததும் அரசிடம் வந்து சேரும்.

நிதித்துறை அலுவலர்: பட்ஜெட்டில் கடன் ஏறாமலே கட்டி முடிக்கலாம் என்பது நன்மைதானே?

அதுதான் ஆபத்து. கடனாகத் தெரியாததால் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது. தென் கொரியா 1990களின் கடைசியில் தனியாருக்குக் குறைந்தபட்ச வருவாய் உத்தரவாதம் கொடுத்தது. எதிர்பார்த்த வண்டிகள் வரவில்லை, பல சாலைகளுக்கு அரசு வருடாவருடம் பணம் கட்டியது. தனியார் தாமாகக் கொண்டுவரும் திட்டங்களுக்கு 2006இலும் மற்றவற்றுக்கு 2009இலும் அந்த உத்தரவாதத்தையே எடுத்துவிட்டார்கள். பிரேசில் 2004 சட்டத்திலேயே பிபிபி செலவுக்கு உச்சவரம்பு வைத்தது, அதுவும் அரசின் நிகர வருவாயில் இத்தனை சதவீதம் என்று. உங்கள் சட்டத்திலும் அப்படி ஒரு வரம்பு வேண்டும். தரும் ஒவ்வொரு உத்தரவாதமும் பட்ஜெட் ஆவணத்தில் அச்சாக வேண்டும்.

வங்கியாளர்: கையெழுத்துக்குப் பிந்தைய காலத்தை இறுக்கச் சொல்கிறீர்கள். முப்பது வருட ஒப்பந்தத்தைத் திருத்தவே கூடாது என்றால் எந்த வங்கி கடன் தரும்?

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போது, யார் பார்வையில், எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்ல வேண்டும். லத்தீன் அமெரிக்க ஒப்பந்தங்களை ஆராய்ந்த உலக வங்கியின் 2004 ஆய்வில், போக்குவரத்தில் 55 சதவீதமும் குடிநீரில் 74 சதவீதமும் மறுபேச்சுக்கு, அதாவது நிபந்தனைகளை மாற்றும் பேச்சுக்கு, வந்திருந்தன. சராசரியாகக் கையெழுத்தான சுமார் இரண்டே வருடங்களில்! இவை எல்லாவற்றுக்கும் எதிர்பாராத சூழல்தான் காரணம் என்று என்னால் ஏற்க முடியாது. டெண்டரில் விலையைக் குறைத்துக் காட்டி வென்றுவிட்டு, போட்டியாளர் யாரும் இல்லாத அறையில் உட்கார்ந்து ஏற்றிக்கொள்வதும் இதில் இருக்கிறது.

மீண்டும் வங்கியாளர்: அது ஏமாற்றுகிறவர்களின் கதை. மூல ஒப்பந்தமே சரியாக இருந்தால் திருத்தம் எதற்கு வரப்போகிறது?

சரி, மூல ஒப்பந்தத்துக்கே வருவோம். டெல்லி–நொய்டா டிஎன்டி சுங்கப் பாலம், 1997 ஒப்பந்தம். மொத்தத் திட்டச் செலவின் மேல் கம்பெனிக்கு வருடத்துக்கு 20 சதவீத லாபம், அது கிடைக்காத வருடம் பாக்கி செலவோடு சேரும். செலவு 100 ரூபாய் என்று வையுங்கள். வர வேண்டியது 20, நிகரமாக வந்தது 8. பாக்கி 12 சேர்ந்து அடுத்த வருடம் செலவு 112, அதன் மேல் 20 சதவீதம் என்றால் 22.40. சுங்கம் வசூலானாலும், அந்த 20 சதவீதத்தை எட்டாத வரை பாலத்தின் 'செலவு' ஏறிக்கொண்டே போகும், வசூல் காலமும் நீண்டுகொண்டே போகும். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016இல் வசூலை நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை உறுதி செய்தது, டெண்டர் விடாமலே வேலையைக் கொடுத்ததையும் கண்டித்தது. இந்தச் சூத்திரம் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்தது. எல்லாரும் முதல் இருபது பக்கத்தைப் படிக்கிறார்கள், பணம் இணைப்பில் இருக்கிறது. இணைப்புகளோடு சேர்த்து வெளியிடாத ஒப்பந்தம் செல்லாது என்று சட்டத்தில் எழுதுங்கள்.

நெடுஞ்சாலைப் பொறியாளர்: வங்கியாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வண்டி வரத்து குறைந்தால் கம்பெனி என்ன செய்யும்?

நியாயமான கேள்வி. சிலி 1998இல் சாந்தியாகோ–வால்பரைசோ சாலைக்கு ஒரு வழி கண்டது. மொத்தமாக எவ்வளவு வருவாய், வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட்டு, வேண்டும் என்று ஏலத்தில் கேட்டார்கள், குறைவாகக் கேட்டவருக்கு வேலை. அந்தத் தொகை சேர்ந்ததும் ஒப்பந்தம் முடியும். வண்டி குறைந்தால் காலம் தானாக நீளும், கூடினால் சுருங்கும். டிஎன்டியிலும் காலம் நீண்டது, ஆனால் அங்கே இலக்கு வருடாவருடம் வளர்ந்தது. சிலியில் அது ஏலத்திலேயே முடிவாகிவிட்டது. வரத்து குறைந்ததைக் காட்டி மறுபேச்சு கேட்கும் காரணமே பெருமளவு போய்விடுகிறது. வங்கியாளர் இதையும் பரிசீலிக்கட்டும்.

வாசகி: ஆக மொத்தம் தனியாருக்குத் தாரை வார்ப்பதுதானே?

மேலே பதில் இருக்கிறது.

ஒப்பந்ததாரர்: கம்பெனியே திட்டத்தோடு வந்தால் டெண்டர் எதற்கு?

மற்றவர்களும் போட்டி போடத்தான். முன்மொழிந்தவருக்கு, மற்றவர் தரும் சிறந்த விலைக்கு ஈடுகொடுக்கும் உரிமை தரலாம், ஆனால் மற்றவர்களுக்குப் போதிய அவகாசம் வேண்டும். பிலிப்பைன்ஸின் பழைய சட்டம் 60 வேலைநாள் கொடுத்தது. பெரிய சாலைக்கு மண் பரிசோதனைகூட அதற்குள் முடிவது கடினம்.

வாசகர்: எங்கள் பகுதிச் சுங்கச்சாவடியில் கட்டணம் அதிகம். வழக்குப் போடலாமா?

உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள். போகும் முன் ஒப்பந்தத்தின் கட்டண இணைப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாசகர்: தனியார்மயமா, இல்லையா? ஒரே வார்த்தையில்?

இல்லை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

சட்ட மாணவி: புதிய சட்டம் பழைய ஒப்பந்தங்களுக்குப் பொருந்துமா?

லாப நட்டப் பங்கீட்டில் கை வைக்காதீர்கள், நடுவர் மன்றத்தில் அரசு இழப்பீடு கட்ட நேரிடும். ஆனால் பழைய ஒப்பந்தத்தில் நாளை செய்யப்படும் எந்தத் திருத்தத்தையும் புதிய சட்டத்தின்கீழ் கொண்டுவரலாம், அது நாளைய செயல்தானே. உத்தரவாதங்களைப் பட்ஜெட்டில் காட்டும் கடமை அரசுடையது என்பதால் அதைப் பழையவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே விதிக்கலாம்.